வாரத்துக்கு 15 நிமிடம்: அமெரிக்கப் பள்ளிக் கால்பந்தில் மோதல் பயிற்சிக்கு வரம்பு ஏன்?

2019 பிப்ரவரியில் நியூ ஜெர்சி மாநிலத்தின் பள்ளி விளையாட்டுச் சங்கம், தன் கீழுள்ள உயர்நிலைப் பள்ளிகளின் அமெரிக்கக் கால்பந்து அணிகளுக்குப் புதிய வரம்பு ஒன்றை விதித்தது. ஆட்டப் பருவத்தில் வாரத்துக்கு 90 நிமிடம் வரை நடத்தலாம் என்றிருந்த முழு மோதல் பயிற்சி, அதாவது ஆட்டக்காரர்கள் முழு வேகத்தில் ஒருவர்மீது ஒருவர் மோதிப் பழகும் பயிற்சி, 15 நிமிடமாகச் சுருங்கியது. பருவத்துக்கு முந்தைய பயிற்சிக் காலம் முழுவதற்கும் சேர்த்து ஆறு மணி நேரம் மட்டுமே என்றும் சங்கம் சொன்னது. அதே ஆண்டில் மிச்சிகன் மாநிலம் வாரத்துக்கு 30 நிமிடம் என்று வைத்தது. டெக்சஸ் 2013இல் ஒரு மாணவனுக்கு வாரத்துக்கு 90 நிமிடம் என்று வகுத்தது. கலிபோர்னியாவில் 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 90 நிமிடம் என்று அனுமதித்தது. கூட்டினால் மூன்று மணி நேரம்.

ஒரே நாடு, ஒரே ஆட்டம், ஒரே வயதுப் பிள்ளைகள். ஆனால் ஒரு மாநிலத்தில் 15 நிமிடத்தோடு நிற்க வேண்டிய மோதல், இன்னொரு மாநிலத்தின் சட்டத்தில் அதைப்போல் 12 மடங்கு வரை போக இடமிருக்கிறது. காரணம் எளிது: அமெரிக்காவில் பள்ளி விளையாட்டுக்குக் கட்டளையிடும் தேசிய அதிகாரம் எதுவும் இல்லை. மாநிலச் சங்கங்களின் கூட்டமைப்பு ஆட்ட விதிகளை எழுதுகிறது. பயிற்சி எப்படி நடக்க வேண்டும் என்பதில் பரிந்துரையோடு நின்றுகொள்கிறது. 2014இல் அந்தக் கூட்டமைப்பு அமைத்த நிபுணர் குழு, முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாளைத் தாண்டக் கூடாது, ஒரு நாளில் 30 நிமிடத்தையும் வாரத்தில் மொத்தம் 60 முதல் 90 நிமிடத்தையும் தாண்டக் கூடாது என்று சொன்னது. அதை ஏற்பதும் இறுக்குவதும் தளர்த்துவதும் அந்தந்த மாநிலத்தின் கையில்.

இந்த வரம்புகள் எதைத் தடுக்கின்றன, எதைத் தடுக்கவில்லை, எங்கே ஓட்டை விழுகிறது என்பதைப் பார்ப்போம். நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் கலிபோர்னியாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. பிள்ளை பள்ளியிலிருந்து விளையாட்டு அனுமதிப் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டும்போது அவர்களுக்கும் இது வீட்டு விஷயமாகிவிடுகிறது.

ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது டாக்கிள்; கபடியில் ரெய்டு வருபவரை மடக்கிச் சாய்ப்பதைப் போன்றதுதான். ஆனால் இங்கே இருவரும் தலைக்கவசமும் தோள் கவசமும் அணிந்து, பல அடி தூரத்திலிருந்து முழு வேகத்தில் ஓடிவந்து மோதுகிறார்கள். பந்தைத் தொடாதவர்களும் தப்புவதில்லை. முன்வரிசையில் எதிரெதிராகக் குனிந்து நிற்கும் லைன்மேன்கள் ஒவ்வொரு முறை ஆட்டம் தொடங்கும்போதும் ஒருவர்மீது ஒருவர் பாய்கிறார்கள். இதைச் சுமார் 10 லட்சம் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆடுகிறார்கள். டெக்சஸ் போன்ற மாநிலங்களில் வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம் ஊர்த் திருவிழா. ஆலன் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளிக்காக 2012இல் திறக்கப்பட்ட விளையாட்டரங்கில் 18,000 பேர் அமரலாம்; கட்டிய செலவு 6 கோடி டாலர். இந்தப் பற்றைப் புரிந்துகொள்ளாமல், ஒரு பயிற்சி விதி ஏன் இத்தனை வாக்குவாதத்தைக் கிளப்புகிறது என்பதைப் புரிந்துகொள்ள முடியாது.

வாரத்துக்கு ஆட்டம் ஒன்றுதான். மற்ற நாட்களில் பயிற்சி. ஒரு பருவத்தில் பத்து ஆட்டம் ஆடும் மாணவன் அதைப்போல் பல மடங்கு பயிற்சி நாட்களைக் கடக்கிறான். ஒரு ஆட்டத்தில் விழும் அடி ஒரு நாள் பயிற்சியில் விழுவதைவிட அதிகம். ஆனாலும் நாட்கள் அதிகம் என்பதால் பயிற்சியின் பங்கு பெரிதாகிவிடுகிறது. வரம்பு விதிகளின் தர்க்கம் முழுவதும் இந்தக் கணக்கின் மீதுதான் நிற்கிறது.

மண்டை ஓட்டுக்குள் நடப்பது

மூளை அதிர்ச்சி என்றால் மண்டை உடைவது என்று பலர் நினைக்கிறார்கள். தலைக்கவசம் மண்டை உடையாமல் காக்கிறது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் கவசத்துக்குள் தலையும், தலைக்குள் மூளையும் திடீரென்று நின்று, திரும்பி, சுழல்வதை அதனால் தடுக்க முடியாது. மூளை மிக மென்மையான திசு. தலை சட்டென்று சுழலும்போது அதன் உள்ளே ஓடும் நீண்ட நரம்பிழைகள் இழுபடுகின்றன. இழுபட்ட செல்களின் சவ்வு வழியாக உப்பு அயனிகள் இடம் மாறுகின்றன. பழைய நிலைக்குத் திரும்பச் செல்களுக்கு அளவுக்கு மீறிய ஆற்றல் தேவைப்படுகிறது; அந்த நேரத்தில் மூளைக்குக் கிடைக்கும் ஆற்றல் அதற்குப் போதவில்லை. தலைவலி, மயக்கம், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, படித்தது மனதில் நிற்காமை எல்லாம் இந்தத் தட்டுப்பாட்டின் வெளி அடையாளங்கள். வழக்கமான ஸ்கேனில் பெரும்பாலும் எதுவும் தெரியாது.

பெரும்பாலான மாணவர்கள் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். ஆபத்து இரண்டு இடங்களில் இருக்கிறது. தேறுவதற்குள் மீண்டும் அடிபடுவது ஒன்று. அரிதாக, இளம் வயதினருக்கு அப்படி விழும் இரண்டாவது அடி மூளை வீக்கத்தில் முடிந்து உயிரையே பறிக்கலாம். மற்றொன்று, எந்த அறிகுறியும் காட்டாமல் வருடக்கணக்கில் சேரும் சிறு அடிகள்.

இரண்டாவதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் பயிற்சி வரம்புகளுக்கான உண்மையான வலு அங்கேதான் இருக்கிறது. இண்டியானா மாநிலத்தின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லஃபாயெட் நகரின் ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர்களின் தலைக்கவசத்தில் உணரிகளைப் பொருத்தி, பருவத்துக்கு முன்பும் நடுவிலும் மூளையை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். மூளை அதிர்ச்சி என்று யாரும் கண்டறியாத, நன்றாக இருப்பதாகவே தோன்றிய சில மாணவர்களின் மூளைச் செயல்பாட்டிலும் மாற்றம் தெரிந்தது. அவர்கள் தலையில் அதிக அடி வாங்கியவர்கள்.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் மெக்கீ தலைமையிலான குழு, இறந்த ஆட்டக்காரர்களின் மூளைகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. தொழில்முறை என்எஃப்எல் ஆட்டக்காரர்களின் 111 மூளைகளில் 110இல் சிடிஇ என்ற மூளைச் சிதைவு நோய் இருந்தது. உயர்நிலைப் பள்ளியோடு ஆட்டத்தை நிறுத்தியவர்கள் 14 பேரில் மூவரிடம் இருந்தது. இந்த எண்களை அப்படியே எல்லா ஆட்டக்காரர்களுக்கும் நீட்டிவிடக் கூடாது. நோயின் அறிகுறிகளைக் கண்டு கவலைப்பட்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் செய்தன. ஆகவே அங்கே நோயின் விகிதம் இயல்பாகவே உயர்ந்திருக்கும். ஆனால் அதே மூளை வங்கியை வைத்து 631 ஆட்டக்காரர்களை ஆராய்ந்து 2023இல் வெளிவந்த ஆய்வு, விகிதத்தை விட்டுவிட்டு வேறொரு கேள்வி கேட்டது: இந்த நோயின் கடுமையோடு ஒத்துப்போவது எது? கண்டறியப்பட்ட மூளை அதிர்ச்சிகளின் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை. வாழ்நாள் முழுவதும் தலை வாங்கிய அடிகளின் மொத்த எண்ணிக்கையும் விசையும் ஒத்துப்போயின.

இதை ஏற்றுக்கொண்டால் பார்வை மாறிவிடுகிறது. மயங்கி விழுந்தவனை மட்டும் காப்பது போதாது. விழாதவன் வாங்கும் அடிகளையும் குறைக்க வேண்டும்.

அடிபட்ட பின், அடிபடும் முன்

அமெரிக்க மாநிலங்கள் முதலில் இயற்றியது அடிபட்ட பிறகு நடக்க வேண்டியதற்கான சட்டம். வாஷிங்டன் மாநிலத்தில் 2006இல் 13 வயதுச் சிறுவன் ஒருவன் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு, மீண்டும் களத்துக்கு அனுப்பப்பட்டு, ஆட்டம் முடிந்ததும் மூளைக்குள் ரத்தக் கசிவோடு சரிந்தான். உயிர் பிழைத்தாலும் பழைய வாழ்க்கை திரும்பவில்லை. அவன் பெயரால் 2009இல் வந்த லிஸ்டெட் சட்டம் மூன்று விஷயங்களைக் கட்டாயமாக்கியது: மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் விளக்கம், சந்தேகம் வந்தவுடன் களத்திலிருந்து வெளியேற்றம், மருத்துவ அனுமதி இல்லாமல் திரும்பக் கூடாது. 2014க்குள் 50 மாநிலங்களும் இதைப் போன்ற சட்டங்களை இயற்றிவிட்டன.

நல்ல சட்டங்கள்தான். ஆனால் அவை வேலை செய்ய வேண்டுமானால், தனக்கு அடிபட்டதை மாணவன் வாய் திறந்து சொல்ல வேண்டும். விஸ்கான்சினின் மில்வாக்கி பகுதியில் 1,532 பள்ளி ஆட்டக்காரர்களிடம் பருவ முடிவில் கேட்டு 2004இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மூளை அதிர்ச்சி அடைந்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே, அதாவது 47.3 சதவீதத்தினரே, அதை யாரிடமாவது சொல்லியிருந்தார்கள். பெரிய விஷயமில்லை என்று நினைத்தவர்களும், ஆட்டத்திலிருந்து தூக்கிவிடுவார்களோ என்று பயந்தவர்களுமே அதிகம். சட்டங்கள் வந்த பிறகு விழிப்புணர்வு கூடியிருக்கிறது என்பது உண்மை. இருந்தாலும் 16 வயதுப் பையனின் நேர்மையை மட்டும் நம்பிக் கட்டிய பாதுகாப்பு பலவீனமானது.

பயிற்சி வரம்பு யாருடைய வாக்குமூலத்தையும் எதிர்பார்ப்பதில்லை. அடி விழும் நேரத்தையே குறைத்துவிடுகிறது. ஆட்டத்தில் எதிரணியைக் கட்டுப்படுத்த முடியாது, நடுவரைக் கட்டுப்படுத்த முடியாது. பயிற்சிக் களத்திலோ ஒவ்வொரு நிமிடமும் பெரியவர்களின் கையில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மாலை தன் சொந்த அணித் தோழனின் தலையில் மோதி ஒரு பையன் மூளை அதிர்ச்சி அடைந்தால், அது யாரோ ஒரு பெரியவர் திட்டமிட்டு வைத்த பயிற்சியில் நடந்தது. இந்தப் பொறுப்பை எந்த வாதத்தாலும் தட்டிக்கழிக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

முழு மோதல் என்பது எது?

எல்லாப் பயிற்சியும் ஒன்றல்ல. அமெரிக்கப் பயிற்சியாளர்கள் மோதலை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். எதிராளி யாரும் இல்லாமல் அசைவுகளை மட்டும் செய்துபார்ப்பது முதல் படி. இதை ஏர் என்கிறார்கள். அடுத்தது பேக், அதாவது மெத்தைப் பையின் மீது மோதுவது. மூன்றாவது கன்ட்ரோல்: எதிராளி உண்டு, ஆனால் யார் வெல்ல வேண்டும் என்பது முன்பே முடிவு செய்யப்பட்டிருக்கும், தொடும் கணத்தில் வேகத்தைத் தளர்த்திவிட வேண்டும், இருவரும் கால் ஊன்றி நிற்க வேண்டும். நான்காவது தட்: முழு வேகத்தில் மோதலாம், ஆனால் கீழே வீழ்த்தக் கூடாது, உடனே விசில் ஊதிவிடுவார்கள். ஐந்தாவது லைவ்: வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் நடப்பது அப்படியே.

கூட்டமைப்பின் வழிகாட்டுதல் கடைசி இரண்டையும் முழு மோதல் என்று கணக்கிடுகிறது. இது முக்கியம். லைவ் பயிற்சியை மட்டும் எண்ணிவிட்டு தட் பயிற்சியைக் கணக்கில் சேர்க்காவிட்டால், காகிதத்தில் வரம்பு இருக்கும். களத்தில் தலைகள் மோதிக்கொண்டே இருக்கும். முதல் தொடுதலின் வேகம் இரண்டிலும் ஒன்றுதான். தரையில் விழாமல் போவதால் சில காயங்கள் தவிர்க்கப்படும். ஆனால் மூளை தரையில் விழுந்தால்தான் அசையும் என்றில்லை. ஒரு மாநிலத்தின் வரம்பு எத்தனை நிமிடம் என்று பார்ப்பவர்கள், அந்த நிமிடங்கள் எந்தப் படிகளுக்குப் பொருந்தும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

ஸ்டீவன் பிராக்லியோ என்ற ஆய்வாளரின் குழு பள்ளி ஆட்டக்காரர்களின் தலைக்கவசங்களில் உணரிகளை வைத்து நான்கு பருவங்கள் எண்ணியது. 14 வாரப் பருவத்தில் ஒரு மாணவனின் தலை சராசரியாக 652 முறை அடிபட்டது. லைன்மேன்களுக்கு 868. ஓரத்தில் ஓடிப் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களுக்கும் அவர்களைத் தடுப்பவர்களுக்கும் 372. லைன்மேன் கூட்டத்தில் மறைந்து நிற்பவன். அவனுடைய மோதல்கள் பார்வையாளர் கண்ணில் படுவதே இல்லை. ஆனால் அதிகம் வாங்குபவன் அவன்தான்.

இந்தத் தரவுகளை வைத்து அதே குழு 2013இல் ஒரு கணக்குப் போட்டது. மோதல் பயிற்சியை வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைத்தால் பருவத்தின் மொத்த அடிகள் 18 சதவீதம் குறையும். அறவே நீக்கினால் 39 சதவீதம் குறையும். பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது ஒரு பள்ளி அணியை முன்னும் பின்னும் அளந்தார்கள். 2013இல் ஒரு மாணவனுக்குச் சராசரியாக 592 அடி, 2014இல் 345. ஒரே ஓர் அணிதான், ஆகவே இந்த எண்ணைக் கொண்டு நாட்டுக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் 42 சதவீதக் குறைவு சின்ன விஷயமில்லை.

அடிகள் குறைவது ஒன்று, மூளை அதிர்ச்சிகள் குறைவது இன்னொன்று. அதற்கு விஸ்கான்சின் விடை சொல்கிறது. அந்த மாநிலத்தின் சங்கம் 2014இல் விதியை மாற்றியது. பருவத்தின் முதல் வாரத்தில் முழு மோதலே கிடையாது. இரண்டாவது வாரத்தில் 75 நிமிடம். மூன்றாவது வாரத்திலிருந்து வாரத்துக்கு 60 நிமிடம். விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பள்ளிகளின் காயச் சிகிச்சையாளர்கள் எழுதிவைத்த பதிவுகளை ஒப்பிட்டார்கள். விதிக்குப் பிறகு பயிற்சியில் நேர்ந்த மூளை அதிர்ச்சிகளின் விகிதம் 57 சதவீதம் குறைந்திருந்தது. ஆட்டங்களில் நேர்ந்த விகிதத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

இந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். வரம்பை எதிர்த்த பயிற்சியாளர்களின் மிகப் பெரிய பயத்துக்குப் பதில் அதில் இருக்கிறது. பயிற்சியில் மோதிப் பழகாத பையன் வெள்ளிக்கிழமை இரவு தவறான முறையில் தலையை நீட்டி டாக்கிள் செய்வான், ஆட்டத்தில் காயம் கூடும் என்றார்கள் அவர்கள். நேர்மையான பயம்தான். தாழ்ந்த தலையோடு மோதுவதுதான் கழுத்தெலும்பை முறிக்கிறது. தலையை முட்டுக்கட்டை போல நீட்டி மோதுவதை ஆட்ட விதிகள் 1976இலேயே தடைசெய்தது அதனால்தான். சரியான உத்தியைக் கற்பிக்கும் கடமை பயிற்சியாளருக்கு உண்டு. ஆனால் பயிற்சி மோதல் குறைந்த பின்பும் விஸ்கான்சினில் ஆட்டக் காயம் உயரவில்லை.

நாடு தழுவிய படம் அவ்வளவு தெளிவாக இல்லை. 2013-14 முதல் 2017-18 வரையிலான பள்ளி விளையாட்டுக் காயத் தரவுகளை ஆராய்ந்து 2019இல் வந்த கட்டுரை, கால்பந்துப் பயிற்சியில் மூளை அதிர்ச்சி 10,000 பங்கேற்புக்கு 5.47இலிருந்து 4.44ஆகக் குறைந்ததைக் காட்டியது. அதே காலத்தில் ஆட்டங்களில் 33.19இலிருந்து 39.07ஆக உயர்ந்தது. இங்கே பங்கேற்பு என்பது ஒரு மாணவன் ஒரு பயிற்சியிலோ ஒரு ஆட்டத்திலோ கலந்துகொள்வது. ஆட்ட விகிதம் உயர்ந்ததைக் கண்டு, பார்த்தீர்களா, பயிற்சி குறைந்ததன் விலை இதுதான் என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்ல அந்தத் தரவுகள் இடம் தரவில்லை. புதிய சட்டங்களால் முன்பு மறைந்துபோன காயங்களும் இப்போது பதிவாகின்றன. ஆட்டத்தில் ஓரத்தில் நின்று கவனிப்பவர்களும் அதிகம். உண்மையான உயர்வு எவ்வளவு, கூர்ந்து பார்த்ததால் தெரிந்தது எவ்வளவு என்று இந்த எண்களிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. ஆனால் பதிவு கூடிய அதே காலத்தில் பயிற்சி விகிதம் மட்டும் இறங்கியது. கூர்மையான கண்கள் அங்கேயும் இருந்தன. அப்படியிருந்தும் குறைந்தது என்றால், குறைவு உண்மையானது என்று நம்ப இடமிருக்கிறது.

பருவத்துக்கு முந்தைய காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் பல விதிகள் அதைத் தளர்வாகவே விட்டிருக்கின்றன. ஆறு பல்கலைக்கழக அணிகளின் 658 ஆட்டக்காரர்களை 2015 முதல் 2019 வரை பின்தொடர்ந்த ஆய்வில், மூளை அதிர்ச்சிகளில் 72 சதவீதம் பயிற்சியில்தான் நேர்ந்தது. பருவத்துக்கு முந்தைய பயிற்சி மொத்தக் காலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளை அதிர்ச்சிகளில் ஏறத்தாழ பாதி அங்கே நேர்ந்தது. கல்லூரி ஆட்டக்காரர்கள் உடல் பெருத்தவர்கள், வேகமானவர்கள், பள்ளி நிலை அப்படியே இருக்காது. ஆனால் பருவத்துக்கு முந்தைய ஆகஸ்டு மாதத்தில் எந்த அணியிலும் நடப்பது ஒன்றுதான்: ஆட்டக்காரர்கள் அணியில் இடம்பிடிக்கத் தோழர்களோடு போட்டியிடுகிறார்கள், பயிற்சியாளர்கள் யார் துணிந்தவன் என்று பார்க்கிறார்கள். நியூ ஜெர்சி அந்தக் காலத்துக்கும் ஆறு மணி நேர எல்லை வைத்தது அந்த விதியின் மிகச் சிறந்த பகுதி என்பேன். 15 நிமிடம் என்ற எண் கவர்ந்துவிட்டதால் அது கவனிக்கப்படாமல் போனது.

மோதாமல் வென்றவர்கள்

மின்னசோட்டாவின் செயிண்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் 1953 முதல் 2012 வரை பயிற்சியாளராக இருந்தவர் ஜான் கலார்டி. இரண்டாம் உலகப் போரின்போது தன் பள்ளிப் பயிற்சியாளர் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டதால், 16 வயதில் மாணவனாக இருந்தபடியே அணியை நடத்தத் தொடங்கியவர். அவருடைய அணிகள் பயிற்சியில் டாக்கிள் செய்வதில்லை. மொத்த வெற்றி 489. கல்லூரிக் கால்பந்து வரலாற்றில் அவரைவிட அதிக வெற்றி கண்ட பயிற்சியாளர் இல்லை.

டார்ட்மத் கல்லூரியில் பட்டி டீவன்ஸ் 2010இல் தன் அணியில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் டாக்கிள் செய்யும் பயிற்சியை ஆண்டு முழுவதற்கும் நிறுத்தினார். அப்போது அவர் வலுவான நிலையில் இருந்து பேசவில்லை. 2008இல் அவர் அணி பத்து ஆட்டத்திலும் தோற்றிருந்தது. 2009இல் இரண்டை மட்டும் வென்றது. வேலை பறிபோகக்கூடிய நேரத்தில், பழைய வழக்கத்துக்கு நேர் எதிராக நடக்கத் துணிந்தார். 2010இல் ஆறு வெற்றி, நான்கு தோல்வி. 2015இல் ஒன்பது வெற்றியோடு, எட்டுப் பழம்பெரும் கல்வி நிறுவனங்களின் அணிகள் ஆடும் ஐவி லீக்கின் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது அணி. அந்தக் கல்லூரியின் பொறியியல் மாணவர்கள் ஓடும் ரோபோ பொம்மை ஒன்றை உருவாக்கினார்கள். ஆட்டக்காரர்கள் அதைத் துரத்தி டாக்கிள் செய்து, கோணத்தையும் தோளின் இடத்தையும் பழகிக்கொள்கிறார்கள். 2016இல் ஐவி லீக்கின் எட்டுப் பயிற்சியாளர்களும் ஒருமனதாக வாக்களித்து, பருவத்தில் பயிற்சி டாக்கிளை எல்லா அணிகளுக்கும் நிறுத்தினார்கள். டீவன்ஸ் 2023இல் சைக்கிள் விபத்தில் பட்ட காயங்களால் காலமானார். டாக்கிள் என்பது தலையைக் கொடுத்துக் கற்க வேண்டிய பாடம் என்ற நம்பிக்கையை அவரைப்போல் களத்திலேயே நின்று உடைத்தவர்கள் குறைவு.

நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையும் இங்கே பொருந்தும். ஆட்டக்காரர்களில் ஒரு பகுதியினர் வாரம் சில நிமிடங்கள் தலைக்கவசம் இல்லாமல் மெத்தைப் பைகளை டாக்கிள் செய்து பழகினார்கள். கவசம் இல்லாதபோது தலையை விலக்கிக்கொள்ளும் இயல்பு தானாகவே வருகிறது. பருவ முடிவில் மற்றவர்களைவிட அவர்களுக்குத் தலையில் 28 சதவீதம் குறைவாக அடி விழுந்தது. உத்தியைக் கற்பிக்க நேரம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும். இன்னொரு பிள்ளையின் தலை மட்டும் வேண்டாம்.

என்எஃப்எல் ஆட்டக்காரர்கள் 2011இல் தொழிற்சங்க ஒப்பந்தத்தின் மூலம், 17 வாரப் பருவத்தில் கவசம் அணிந்து மோதும் பயிற்சி 14க்கு மேல் கூடாது என்ற உரிமையைப் பெற்றார்கள். வாரத்துக்கு ஒன்றுக்கும் குறைவு. அவர்கள் வயது வந்தவர்கள், கோடிகளில் சம்பளம் வாங்குபவர்கள், பேரம் பேசச் சங்கம் உடையவர்கள். அதே 2011இல் பெரும்பாலான மாநிலங்களில் 15 வயதுப் பையனுக்கு எந்த வரம்பும் இருக்கவில்லை. பேரம் பேச அவனுக்குச் சங்கம் இல்லை. இது எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம்.

விதி ஒழுகும் இடங்கள்

நிமிடக் கணக்கை யார் வைப்பது என்பதில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கிறது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் காயச் சிகிச்சையாளர் சேவையே கிடையாது. அங்கெல்லாம் தலைமைப் பயிற்சியாளரே கடிகாரத்தையும் பார்க்க வேண்டும், விசிலையும் ஊத வேண்டும், மயங்கி நிற்பவனையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் விதியை மதிப்பவர்கள்தான். ஆனால் சனிக்கிழமை காலையில் ஊரே தோல்வியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, அடுத்த வாரம் இன்னும் பத்து நிமிடம் மோதவிடலாம் என்று தோன்றுவது மனித இயல்பு.

கணக்கு அணிக்கா, ஆளுக்கா என்பது அடுத்த சிக்கல். பெரிய பள்ளிகளில் முதல் அணிக்கு எதிராக நின்று எதிரணியைப் போல நடிக்க இளைய மாணவர்களைக் கொண்ட ஓர் அணி இருக்கும். முதல் அணியின் தாக்குதல் வரிசை 15 நிமிடம், தடுப்பு வரிசை 15 நிமிடம் என்று தனித்தனியாக மோதினால், இரண்டுக்கும் எதிரே நிற்கும் அந்த இளையவர்கள் வாங்குவது 30 நிமிடம். வெள்ளிக்கிழமை அவர்கள் களத்தில் இறங்கப்போவதுகூட இல்லை. டெக்சஸின் 2013 விதி நிமிடத்தை ஒவ்வொரு மாணவனுக்கும் தனியாகக் கணக்கிடச் சொன்னது இதனால் பாராட்டத்தக்கது, அதன் 90 நிமிடம் எனக்கு மிக அதிகமாகத் தோன்றினாலும்.

ஆட்டத்தின் உள்ளே விழும் அடிகளுக்குப் பயிற்சி விதி மருந்தாகாது. அதற்கு ஆட்ட விதிகளே மாற வேண்டும், அது முடியாத காரியமும் இல்லை. ஐவி லீக் 2016இல் கிக்ஆஃப், அதாவது ஆட்டத்தைத் தொடங்கப் பந்தை எதிரணியின் பக்கம் உதைக்கும் கோட்டை 35 கெஜத்திலிருந்து 40க்கு நகர்த்தியது. பந்து பெரும்பாலும் எல்லையைத் தாண்டிவிட்டதால், இரு அணிகளும் களத்தின் நீளம் முழுவதும் ஓடிவந்து மோதுவது குறைந்தது. கிக்ஆஃப்பில் மூளை அதிர்ச்சி 1,000 முறைக்கு 10.93இலிருந்து 2.04ஆக இறங்கியது. ஐந்து கெஜம், அவ்வளவுதான்.

மாநிலச் சங்கங்கள் அடுத்துச் செய்ய வேண்டியது எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. தட் பயிற்சியையும் சேர்த்து எண்ணுங்கள், ஆள்வாரியாக எண்ணுங்கள், ஆகஸ்டுக்கும் எல்லை வையுங்கள், காயச் சிகிச்சையாளர் இல்லாத பள்ளியில் லைவ் பயிற்சியை அனுமதிக்காதீர்கள். கடைசி விதிக்கு மட்டும்தான் பணம் செலவாகும். 6 கோடி டாலரில் பள்ளி விளையாட்டரங்கு கட்டும் நாட்டில் அந்தப் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.